கர்னல் நிரலில் பிழை கையாளுதலும் மெமரி விடுவிப்பும்: எதை, எப்படி எழுதிவைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கர்னலுக்கு டிரைவர் எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்கும், மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பேட்ச் அனுப்புபவர்களுக்கும் உரிய கேள்விகள் இவை. சி மொழி தெரியும் என்று வைத்துக்கொண்டே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

சாதாரண நிரலில் இதற்கெல்லாம் இவ்வளவு கவலைப்படுவதில்லையே, கர்னலில் மட்டும் ஏன்?

சாதாரண நிரல் முடிந்ததும் அது வாங்கிய மெமரி, திறந்த கோப்பு எல்லாவற்றையும் கர்னல் திரும்ப எடுத்துக்கொள்ளும். கர்னல் தவறவிட்டதை எடுத்துக்கொள்ள அதற்கு மேலே யாரும் இல்லை. கசிந்த மெமரி அடுத்த ரீபூட் வரை கசிந்ததுதான். இரண்டு முறை விடுவித்துவிட்டால் இன்னும் மோசம். அதே இடத்தை வேறொரு பகுதி வாங்கிப் பயன்படுத்திக்கொண்டிருக்கும். சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் கர்னல் விழும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிழைப் பாதை பெரும்பாலும் ஓடுவதே இல்லை. ‘ஜிஎஃப்பி_கர்னல்’ கொடியோடு (தேவைப்பட்டால் காத்திருந்தாவது மெமரி கொடு என்று பொருள்) கேட்கும் சிறிய ஒதுக்கீடுகளுக்கு, அதாவது 4 கேபி பக்கம் உள்ள கணினியில் 32 கேபி வரை, கர்னல் எப்படியாவது இடம் தேடித் தரப் பார்க்கும். தோற்காது என்ற உத்தரவாதம் கிடையாது, ஆனால் உங்கள் மேசையில் இருக்கும் கணினியில் அது தோற்று நீங்கள் பார்க்கப்போவதில்லை. ஆக, ஓடாத நிரலைப் படித்துத்தான் சரிபார்க்க வேண்டும். படிப்பவருக்கு மேலே இருக்கும் கமெண்ட்தான் துணை.

ஒரு ஃபங்ஷனுக்கு மேல் எழுதும் கமெண்டில் பிழை பற்றி என்னென்ன இருக்க வேண்டும்?

கர்னல்-டாக் வடிவத்தில் (கமெண்டை ஆவணமாக மாற்ற உதவும் எழுத்து முறை) இதற்கென்றே ‘ரிட்டர்ன்’ என்ற பகுதி இருக்கிறது. பலர் அங்கே “வெற்றி என்றால் 0, இல்லையேல் எதிர்ம எண்” என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பொய் இல்லை, ஆனால் பயனும் இல்லை. கர்னலில் பாதி ஃபங்ஷன்கள் அப்படித்தான் நடந்துகொள்கின்றன.

அழைப்பவருக்குத் தெரிய வேண்டியது வேறு: இது தோற்றால் என் கையில் என்ன மிச்சம் இருக்கும்? நான் கொடுத்த பஃபர் இன்னும் என்னுடையதா, அல்லது நீ எடுத்துக்கொண்டாயா? நீ வாங்கிய லாக்கை விட்டுவிட்டாயா? இதைத்தான் கமெண்ட் சொல்ல வேண்டும். எழுதப்போவது ஆங்கிலத்தில்தான்; பொருள் இந்தப் போக்கில் இருக்கட்டும்:

“வரிசையில் பஃபரைச் சேர்க்கும். வெற்றி என்றால் 0. அதன்பின் பஃபர் வரிசைக்குச் சொந்தம், அழைத்தவர் அதைத் தொடக் கூடாது. வரிசை நிரம்பியிருந்தால் ஈபிஸி, வரிசை மூடப்பட்டிருந்தால் ஈஷட்டவுன். இந்த இரண்டிலும் பஃபர் அழைத்தவரிடமே இருக்கும், அவரே விடுவிக்க வேண்டும்.”

நாலே வரி. அழைப்பவர் உள்ளே போய் நிரலைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு சின்ன விஷயம்: ‘ரிட்டர்ன்’ பகுதியில் பிழை எண்களை வரிக்கு ஒன்றாகச் சும்மா எழுதினால், ஆவணமாக மாறும்போது எல்லாம் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நட்சத்திரக் குறி போட்டுப் பட்டியலாக எழுத வேண்டும்.

‘கான்டெக்ஸ்ட்’ என்ற பகுதியையும் மறக்காதீர்கள். எந்தச் சூழலில் அழைக்கலாம், ஃபங்ஷன் தூங்குமா, அதாவது நடுவில் காத்திருக்குமா என்று சொல்லும் இடம் அது. ஒதுக்கும் ஃபங்ஷனுக்கு அதை எழுதுபவர்கள்கூட விடுவிக்கும் ஃபங்ஷனுக்கு எழுதுவதில்லை. விடுவிப்பதும் தூங்கக்கூடும். இன்டரப்டை விடுவிக்கும் ‘ஃப்ரீ_ஐஆர்க்யூ’வை இன்டரப்ட் சூழலிலிருந்து அழைக்கக் கூடாது என்று அதன் கமெண்டிலேயே எழுதியிருக்கிறது.

தோற்றுப்போன ஃபங்ஷன் தான் செய்ததையெல்லாம் தானே திருப்பிவிடும், அழைத்தவர் ஒன்றும் செய்ய வேண்டாம். இதுதானே வழக்கம்?

வழக்கம் அதுதான். நீங்கள் புதிதாக எழுதும் ஃபங்ஷனும் அப்படியே இருக்கட்டும். ஆனால் கர்னலில் இந்த வழக்கத்தை மீறும் முக்கியமான ஃபங்ஷன்கள் சில உண்டு.

‘டிவைஸ்_ரெஜிஸ்டர்’ ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஸ்ட்ரக்ட்டுக்குள் ஒரு டிவைஸ் இருக்கிறது. அதைப் பதிவு செய்யப் போகிறீர்கள், தோற்கிறது. இயல்பாகக் கை எதற்குப் போகும்? ‘கேஃப்ரீ’ போட்டு ஸ்ட்ரக்ட்டை விடுவிக்கத்தான். அங்கேதான் தவறு. பதிவின் முதல் படியிலேயே அந்த டிவைஸுக்கு ரெஃபரன்ஸ் எண்ணிக்கை (எத்தனை பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு) தொடங்கிவிடுகிறது. அதற்கு வைத்த பெயர் தனி மெமரியில் இருக்கிறது. ‘புட்_டிவைஸ்’ அழைத்து எண்ணிக்கை பூஜ்யமானால்தான் பெயரும் போகும், நீங்கள் கொடுத்த ரிலீஸ் ஃபங்ஷனும் ஓடும். நேரே கேஃப்ரீ செய்தால் பெயர் கசியும். சரி, புட்_டிவைஸும் போட்டு, பழக்கதோஷத்தில் கீழே கேஃப்ரீயும் போட்டால்? ரிலீஸ் ஃபங்ஷன் ஏற்கெனவே ஸ்ட்ரக்ட்டை விடுவித்திருக்கும். இது இரண்டாவது விடுவிப்பு. “பிழை திரும்பி வந்தாலும்கூட இதை அழைத்தபின் டிவைஸை நேரடியாக ஒருபோதும் விடுவிக்காதே, புட்_டிவைஸைப் பயன்படுத்து” என்று அந்த ஃபங்ஷனின் கமெண்ட் அழுத்தமாகச் சொல்கிறது. இயல்புக்கு மாறான நடத்தையை எப்படி எழுதிவைப்பது என்பதற்கு நான் காட்டும் முதல் உதாரணம் இதுதான். ‘கேஆப்ஜெக்ட்_இனிட்_அண்ட்_ஆட்’ விஷயமும் இதே கதைதான்.

‘பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க்’ இன்னொரு வகை. சாதனத்தை எழுப்புவதில் தோற்றாலும் பயன்பாட்டு எண்ணிக்கையை அது கூட்டிவிட்டுத்தான் திரும்பும். பிழை வந்தது, திரும்பிப் போய்விடலாம் என்று எழுதிய டிரைவர்களிலெல்லாம் எண்ணிக்கை ஒன்று கூடி நின்றது. சாதனம் அதற்கப்புறம் தூங்கவே தூங்காது. இதைக் கமெண்டில் மட்டும் சொல்லிப் பயனில்லை என்பதால் 2020-இல் ‘பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட்’ வந்தது. தோற்றால் எண்ணிக்கையை அதுவே குறைத்துவிடும். திரும்பும் மதிப்பைப் பார்க்கிறவர்கள் இதைப் பயன்படுத்துங்கள் என்று பழையதன் கமெண்டும் சொல்கிறது. ஒரு நடத்தையை விளக்க மூன்று எச்சரிக்கை வரி தேவைப்பட்டால், பெரும்பாலும் கோளாறு ஃபங்ஷனின் வடிவத்தில்தான் இருக்கிறது.

கோ-டூ பயன்படுத்தக் கூடாது என்று கல்லூரியில் சொன்னார்களே?

கர்னலில் பயன்படுத்தலாம். கர்னலின் நிரல் நடை ஆவணமே, ஒரு ஃபங்ஷனிலிருந்து பல இடங்களில் வெளியேற வேண்டியிருந்து பொதுவான விடுவிப்பு வேலையும் இருந்தால் கோ-டூ கைகொடுக்கும் என்கிறது. விடுவிக்க எதுவுமே இல்லாவிட்டால் நேரே திரும்பிவிடுங்கள்.

ஒரு டிரைவரின் ‘புரோப்’ ஃபங்ஷன் (சாதனத்தோடு டிரைவர் இணையும்போது ஓடுவது) மூன்று வேலை செய்கிறது என்று வையுங்கள்: பஃபர் ஒதுக்குகிறது, கிளாக்கை இயக்குகிறது, இன்டரப்டைப் பதிவு செய்கிறது. பஃபரே கிடைக்காவிட்டால் நேரே ஈநோமெம் (மெமரி இல்லை என்ற பிழை எண்) திருப்பலாம். கிளாக் தோற்றால் பஃபரை மட்டும் விடுவிக்கும் லேபிளுக்குப் போக வேண்டும். இன்டரப்ட் தோற்றால் கிளாக்கை நிறுத்தும் லேபிளுக்கு. அங்கிருந்து நிரல் தானாகக் கீழே இறங்கிப் பஃபரையும் விடுவிக்கும். எடுத்ததற்கு நேர் தலைகீழாகத் திருப்புவது, அவ்வளவுதான். நாளை நடுவில் ஒரு படி சேர்த்தால், லேபிள்களின் நடுவிலும் அதே இடத்தில் ஒன்று சேரும்.

லேபிளின் பெயரிலேயே ஆவணம் இருக்கிறது. ‘எர்1’, ‘எர்2’ என்று எண் போட்டால், நடுவில் ஒன்றைச் சேர்க்கும்போது எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஜிடபிள்யூ-பேசிக் பாணி என்று நடை ஆவணம் இதைக் கிண்டல் செய்கிறது. ‘எர்_ஃப்ரீ_பஃபர்’, ‘எர்_டிசேபிள்_கிளாக்’ என்று, அங்கே போனால் என்ன நடக்கும் என்பதைப் பெயராக வையுங்கள். எங்கிருந்து வந்தோம் என்பதைப் பெயராக வைப்பவர்களும் உண்டு. இரண்டு இடங்களிலிருந்து ஒரே லேபிளுக்கு வரத் தொடங்கியதும் அந்தப் பெயர் பொய்யாகிவிடும்.

எல்லாப் பிழைக்கும் ஒரே லேபிள் வைப்பதுதான் நடை ஆவணம் தனியாகப் பெயர் சொல்லி எச்சரிக்கும் தவறு. அந்த ஒரே லேபிளின் கீழே முதலில் ‘ஃபூ’வுக்குள் இருக்கும் ‘பார்’ விடுவிக்கப்படுகிறது, பிறகு ஃபூ. ஃபூ ஒதுக்கப்படும் முன்பே பிழை வந்து இங்கே குதித்தால் ஃபூ ‘நல்’ பாயிண்டர். அதற்குள் பார் எங்கே என்று பார்க்கப்போகும் அந்த நொடியில் கர்னல் விழும். கேஃப்ரீக்கு நல் கொடுப்பது தவறில்லை, அது பேசாமல் திரும்பிவிடும். நல் வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பதுதான் தவறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு “நல் என்றால் ஆபத்தில்லை” என்று சொல்பவர்களை ரிவ்யூவில் அடிக்கடி பார்க்கலாம்.

விடுவிக்கும் ஒவ்வொரு வரிக்கும் கமெண்ட் எழுதலாமா?

வேண்டாம். “பஃபரை விடுவிக்கிறோம்” என்று கேஃப்ரீக்கு மேலே எழுதுவது இடத்தை அடைப்பதுதான். வரிசை வழக்கத்துக்கு மாறாக இருந்தால் மட்டும் ஏன் என்று ஒரு வரி போதும்: “டைமர் இந்த வொர்க்கை மறுபடி கிளப்பிவிடும், அதனால் டைமரை முதலில் நிறுத்துகிறோம்.” இந்த ஒரு வரி இல்லாவிட்டால், ஒழுங்குபடுத்துகிறேன் என்று யாராவது வந்து வரிசையை மாற்றிவிடுவார்கள்.

எந்தப் பிழை எண்ணைத் திருப்புவது?

கீழிருந்து வந்த எண்ணை அப்படியே மேலே அனுப்புங்கள். கீழே ‘ஈபுரோப்_டிஃபர்’ வந்திருக்கும். இந்தச் சாதனத்துக்குத் தேவையான இன்னொன்று தயாராகவில்லை, பிறகு முயல்க என்று அதற்குப் பொருள். அதை ஈஇன்வால் (தவறான மதிப்பு) ஆக்கி அனுப்பினால் டிரைவர் மறுபடி முயலப்படாமலே கிடக்கும். இது 517; யூசர் ஸ்பேஸுக்குப் போகவே கூடாத எண்களில் ஒன்று. ‘ஈநாட்சப்’ என்ற 524-ம் அப்படித்தான். அதற்குப் பதிலாக 95-ஆம் எண்ணான ‘ஈஆப்நாட்சப்’ போடுங்கள்.

இன்னொன்று: சும்மா -1 திருப்பாதீர்கள். அது “ஏதோ பிழை” அல்ல. 1 என்பது ஈபெர்ம், அனுமதி இல்லை என்று பொருள். பயனர் ரூட் உரிமை கேட்டு அலைவார்.

ஃபங்ஷனின் பெயருக்கும் இதில் பங்கு உண்டு. பெயர் ஒரு செயலைச் சொன்னால் வெற்றிக்கு 0, தோல்விக்கு எதிர்ம எண். ஆமா இல்லையா என்று கேட்கும் பெயராக இருந்தால் உண்மை, பொய். இதைக் கலந்தால் எந்தக் கமெண்டாலும் காப்பாற்ற முடியாது.

பாயிண்டரைத் திருப்பும் ஃபங்ஷன் தோற்றால்?

இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று நல் திருப்புவது. மற்றது ‘எர்_பிடிஆர்’ மூலம் பிழை எண்ணையே பாயிண்டருக்குள் வைத்துத் திருப்புவது. முகவரி வெளியின் கடைசி 4095 மதிப்புகள் உண்மையான முகவரியாக வராது என்ற துணிவில் இது நடக்கிறது. அழைப்பவர் ‘இஸ்_எர்’ போட்டுப் பார்க்க வேண்டும். நல்லுக்கு இஸ்_எர் “இல்லை” என்றுதான் சொல்லும், பிழைப் பாயிண்டரோ நல் சோதனையில் தேறிவிடும். ஆக, எந்த மரபு என்று ‘ரிட்டர்ன்’ பகுதியில் எழுதாவிட்டால் அழைப்பவர் தவறான சோதனையைப் போட வாய்ப்பு சரிபாதி. இரண்டையும் திருப்பும் ஃபங்ஷன் எழுதாதீர்கள். அப்படி எழுதியே ஆக வேண்டுமென்றால், நல் வந்தால் என்ன பொருள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்: “தேடியது இல்லை, ஆனால் பிழையும் இல்லை.”

பிழைப் பாயிண்டரைக் கேஃப்ரீக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது நல் அல்ல.

ஒதுக்கீடு தோற்றால் கர்னல் லாகில் ஒரு செய்தி எழுதிவைக்கலாமா?

தேவையில்லை. ‘கேமாலாக்’ போன்ற பொது ஃபங்ஷன்கள், எச்சரிக்கை வேண்டாம் என்ற கொடி இல்லாதவரை, தோற்றால் தாங்களே ஸ்டாக் விவரத்தைக் கொட்டிவிடும். ஈநோமெம் திருப்பினால் போதும்.

கேரீஅலாக் (ஒதுக்கிய இடத்தின் அளவை மாற்றும் ஃபங்ஷன்) செய்யும்போது கசிகிறது என்கிறார்களே?

அதன் விடையை அதே பாயிண்டரில் வாங்குவதால்தான். தோற்றால் நல் வரும், ஆனால் பழைய இடம் விடுவிக்கப்பட்டிருக்காது; அதன் முகவரியை நீங்களே அழித்துவிட்டீர்கள். வேறொரு மாறியில் வாங்கிப் பாருங்கள்.

டெவ்எம் ஃபங்ஷன்களைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லைதானே?

பெருமளவு குறையும். ‘டெவ்எம்’ என்று தொடங்கும் ஃபங்ஷன்களில் வாங்கியதெல்லாம், புரோப் தோற்றாலோ டிரைவர் சாதனத்திலிருந்து பிரிந்தாலோ, தலைகீழ் வரிசையில் தானாக விடுவிக்கப்படும். ஆனால் பாதி டெவ்எம், பாதி கையால் என்று கலக்கும்போது பிழை நுழைகிறது.

மேலே பார்த்த டிரைவரிலேயே, இன்டரப்டை மட்டும் டெவ்எம் வழியாக வாங்கி, கிளாக்கை ‘ரிமூவ்’ ஃபங்ஷனில் (டிரைவர் பிரியும்போது ஓடுவது) கையால் நிறுத்துகிறீர்கள் என்று வையுங்கள். முதலில் உங்கள் ரிமூவ் ஓடும், கிளாக் நின்றுவிடும். டெவ்எம் விடுவிப்புகள் அதற்கப்புறம்தான். இந்த இடைவெளியில் இன்டரப்ட் வந்தால், கிளாக் நின்ற சாதனத்தின் ரெஜிஸ்டரை ஹேண்ட்லர் படிக்கப் போகும். சில கணினிகளில் அது அப்படியே உறைந்துவிடும். நிரலைப் படித்தால் எல்லாம் விடுவிக்கப்படுவதாகவே தெரியும், வரிசை மட்டும் தவறு. கிளாக்கையும் டெவ்எம்முக்கு மாற்றலாம். அதற்கென ஃபங்ஷன் இல்லாத வேலைகளுக்கு ‘டெவ்எம்_ஆட்_ஆக்ஷன்_ஆர்_ரீசெட்’ இருக்கிறது. பதிவு செய்வதே தோற்றால், கொடுத்த விடுவிப்பு வேலையை அது அப்போதே செய்துவிடும். அந்த ‘ஆர்_ரீசெட்’ அதற்காகத்தான்.

இன்னொரு எல்லையும் உண்டு. டெவ்எம் மெமரியின் ஆயுள், டிரைவர் சாதனத்தோடு இணைந்திருக்கும்வரைதான். யாரோ ஒரு நிரல் உங்கள் சாதனக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போதே சாதனத்தைப் பிடுங்கினால், மெமரி போய்விடும், கோப்பு திறந்தே இருக்கும். அடுத்த படிப்பு விடுவிக்கப்பட்ட இடத்தில் நடக்கும். அப்படிப்பட்ட ஸ்ட்ரக்ட்டுக்கு ரெஃபரன்ஸ் எண்ணிக்கைதான் சரி. எவரெவர் ஒரு ரெஃபரன்ஸ் வைத்திருக்கிறார்கள் என்பதை ஸ்ட்ரக்ட்டின் கமெண்டிலேயே எழுதிவிடுங்கள்.

புதிதாக வந்திருக்கும் தானியங்கி விடுவிப்பைப் பயன்படுத்தலாமா?

2023-இல், 6.5 பதிப்பில் வந்தது. ஜிசிசி, கிளாங் இரண்டிலும் உள்ள கிளீனப் பண்பை வைத்து, மாறி தன் எல்லையைத் தாண்டும்போது கேஃப்ரீயோ லாக் விடுவிப்போ தானாக ஓடும். புதிய நிரலில் தாராளமாகப் பயன்படுத்தலாம், இரண்டு நிபந்தனைகளோடு.

ஒரே ஃபங்ஷனில் இதையும் கோ-டூ விடுவிப்பையும் கலக்காதீர்கள். அதன் ஆவணமே இதைச் சொல்கிறது. மாற்றினால் முழுதாக மாற்றுங்கள்.

அடுத்தது, மாறிகளை அறிவிக்கும் வரிசை. கடைசியில் அறிவித்தது முதலில் விடுவிக்கப்படும். மேலே நல் என்று ஒரு பாயிண்டரை அறிவித்துவிட்டு, பிறகு லாக் எடுத்து, அதற்கப்புறம் பாயிண்டரில் பொருளை வாங்கினால், வெளியேறும்போது முதலில் லாக் போகும், பிறகுதான் பொருள். லாக்கைப் பிடித்துக்கொண்டு விடுவிக்க வேண்டிய பொருளாக இருந்தால் பிழை. எல்லா மாறிகளையும் மேலே அறிவிக்கும் பழைய பழக்கத்தை இங்கே கைவிட்டு, பொருளை வாங்கும் வரியிலேயே அறிவியுங்கள்.

வெற்றிப் பாதையில் பொருளை வேறொருவரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்றால் ‘நோ_ஃப்ரீ_பிடிஆர்’ போட வேண்டும். நிரலில் அந்த வார்த்தை இருக்கும் இடம்தான் உரிமை கைமாறும் இடம்; கமெண்ட் எழுதாமலே அது கண்ணில் படுகிறது. இந்த வசதியில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

லூப்பிலிருந்து நடுவில் வெளியேறினால் ரெஃபரன்ஸ் கசிகிறதாமே?

ஆம். டிவைஸ் ட்ரீயில் (வன்பொருளை மர வடிவில் விவரிக்கும் தரவு) குழந்தை நோடுகளைச் சுற்றிவரும் மேக்ரோ, அடுத்த நோடுக்குப் போகும்போதுதான் முந்தையதன் ரெஃபரன்ஸை விடும். நடுவில் பிரேக்கோ ரிட்டர்னோ போட்டால் கையில் ஒன்று தங்கிவிடும். ‘ஓஎஃப்_நோட்_புட்’ நீங்களே போட வேண்டும். இப்போது ‘ஸ்கோப்ட்’ என்று முடியும் வகை வந்திருக்கிறது, அதற்கு மாறுவது எளிது.

ஓடாத பாதையை எப்படி ஓட வைத்துச் சோதிப்பது?

கர்னலிலேயே பிழை புகுத்தும் வசதி இருக்கிறது. ‘ஃபெயில்ஸ்லாப்’ இயக்கினால் ஒதுக்கீடுகளை வேண்டுமென்றே தோற்க வைக்கலாம். நிகழ்தகவு வைத்துச் செய்தால் எது எப்போது தோற்கும் என்று தெரியாது. எனக்கு ‘ஃபெயில்-என்த்’ தான் பிடிக்கும். பிராக் கோப்பமைப்பில், அந்தந்த டாஸ்க்கின் கீழே இருக்கும் கோப்பு அது. அதில் 1 எழுதிவிட்டு உங்கள் சிஸ்டம் காலை அழைத்தால் முதல் ஒதுக்கீடு தோற்கும். 2 எழுதினால் இரண்டாவது. இப்படியே போய், எதுவும் தோற்காத எண் வரும்வரை ஓட்டினால், அந்த அழைப்பின் ஒதுக்கீட்டுப் பிழைப் பாதைகள் ஒவ்வொன்றாக ஓடிவிடும்.

கூடவே ‘கேஏசான்’ இயங்கட்டும். விடுவித்ததைத் தொட்டாலோ இருமுறை விடுவித்தாலோ அங்கேயே காட்டிக்கொடுக்கும். கசிவுக்கு ‘கேமெம்லீக்’. இயல்பாக அது 10 நிமிடத்துக்கு ஒருமுறை தேடும். காத்திருக்க வேண்டாமென்றால் அதன் டீபக் கோப்பில் ‘ஸ்கேன்’ என்று எழுதினால் உடனே தேடும். அது சொல்வதெல்லாம் கசிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாயிண்டரை வேறு வடிவில் மறைத்து வைத்திருந்தால் அதையும் கசிவு என்று சொல்லும்.

கசிவைச் சரிசெய்யும் பேட்சின் விளக்கத்தில் என்ன எழுதுவது?

“பிழைப் பாதையில் மெமரி லீக்கைச் சரிசெய்” என்று தலைப்பு மட்டும் வைத்து அனுப்பப்படும் பேட்ச்கள் ஏராளம். எந்த வரி தோற்றால், எது, யாரால் விடுவிக்கப்படாமல் போகிறது என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள். “இன்டரப்ட் பதிவு தோற்கும்போது புரோப் நேரே திரும்பிவிடுகிறது, கிளாக் இயங்கியபடியே இருக்கிறது. கிளாக்கை நிறுத்தும் லேபிளுக்குப் போக வை.” பிழையைக் கொண்டுவந்த கமிட்டை ‘ஃபிக்ஸஸ்’ வரியில், ஹாஷின் முதல் 12 எழுத்துகளோடு குறிப்பிடுங்கள். பழைய நிலையான பதிப்புகளுக்கு எடுத்துச்செல்பவர்கள் அதை வைத்துத்தான் எந்தப் பதிப்பு வரை தேவை என்று பார்ப்பார்கள். சோதித்துப் பார்த்தீர்களா, படித்து மட்டும் கண்டுபிடித்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். கருவி காட்டியது என்றால் எந்தக் கருவி என்றும்.

நிரலை ஓட்டாமலே ஆராயும் ஸ்மாட்ச் போன்ற கருவி கசிவு என்று காட்டினால், அனுப்பும் முன் அந்தப் பொருளின் உரிமை வேறெங்காவது கைமாறுகிறதா என்று தேடிப் பாருங்கள். கைமாறியிருந்தால் உங்கள் ‘திருத்தம்’ இல்லாத கசிவை மூடி, இருமுறை விடுவிப்பைத் திறந்துவிடும்.

நிரல் ஒன்று செய்கிறது, கமெண்ட் வேறொன்று சொல்கிறது. எதைத் திருத்துவது?

முதலில் அழைப்பவர்களைப் போய்ப் பாருங்கள். எல்லோரும் நிரலின் நடத்தையை நம்பி எழுதியிருந்தால் கமெண்டைத் திருத்துங்கள். ஆவணப் பேட்சாகத் தனியே அனுப்பலாம். எல்லோரும் கமெண்டை நம்பியிருந்தால் நிரலில்தான் பிழை, ஃபிக்ஸஸ் வரியோடு அனுப்புங்கள். பாதிப் பாதியாக இருந்தால், அதுதான் அடிக்கடி நடப்பது, எது சரியான நடத்தை என்று அந்தப் பகுதியின் மெயின்டெய்னரிடம் கேட்டு முடிவு செய்துகொண்டு, ஃபங்ஷன், கமெண்ட், தவறாக அழைக்கும் இடங்கள் எல்லாவற்றையும் ஒரே தொடராக அனுப்புங்கள். கமெண்டை மட்டும் திருத்திவிட்டு அழைக்கும் இடங்களை விட்டுவைத்தால் கசிவு அங்கேயே இருக்கும், இம்முறை ஆவணத்தோடு.